மேதைக்கு அளவெடுத்த குழு

“தன் இடத்துல உட்காராத பிள்ளை மேதையா இருக்கவே முடியாது சார். அதையும் சேர்த்துக்கோங்க” என்றார் தலைமையாசிரியை.

பள்ளிக் கல்வித் துறைத் துணை இயக்குநர் பேனாவை மேசைமேல் வைத்தார். அரசுப் பள்ளிகளில் ஒளிந்திருக்கும் அதிபுத்திசாலிப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, நகரத்தில் தனி விடுதி, தனி ஆசிரியர்கள் என்று வைத்துப் படிக்கவைக்கும் திட்டம் அது. அதிபுத்திசாலி என்றால் யார் என்று முடிவு செய்யத்தான் இந்தக் குழு. அவர்தான் தலைவர். காலையிலிருந்து டீயும் பிஸ்கட்டும் உள்ளே போனதே தவிர, முடிவு எதுவும் வெளியே வந்தபாடில்லை.

“மூணு வயசு வரைக்கும் பேசாம இருந்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரணும்” என்றார் உளவியல் பேராசிரியர். “உள்ளுக்குள்ள ஆழமா யோசிக்குதுன்னு அர்த்தம்.”

அவர் மகள் எந்த வயதில் வாய் திறந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம்தான் அவளைப் பெரிய தனியார் பள்ளியிலிருந்து பிடுங்கி அரசுப் பள்ளியில் நட்டிருந்தார். திட்டத்தில் வெளிநாட்டுப் பயணமும் உண்டு என்று செய்தி கசிந்ததிலிருந்து, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத குடும்பங்களுக்கெல்லாம் அரசுப் பள்ளிமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்திருந்தது.

“செஸ் கட்டாயம் ஆடத் தெரியணும்” என்றார் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர்.

“கேரம் கூடாதா?”

“கேரத்துல மூளைக்கு என்ன வேலை? விரலுக்குத்தான் வேலை. என் பேரனே… சரி, அதை விடுங்க.”

துணை இயக்குநர் இருவரையும் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டார். சொந்தபந்தம் பார்க்கிற ஆளில்லை அவர். தங்கை மகன் மேடைப்பேச்சில் கெட்டிக்காரன் என்பதற்கும், மேடைப்பேச்சுக்குத் தனி மதிப்பெண் என்று அவர் முதல் ஆளாக எழுதிக்கொண்டதற்கும் சம்பந்தமே கிடையாது.

அவருக்குப் பிடிபடாதது தலைமையாசிரியை மட்டும்தான். எல்லோரும் யாரையோ உள்ளே இழுக்கப் பார்க்க, இந்த அம்மா மட்டும் யாரையோ வெளியே தள்ளப் பார்ப்பதுபோல் இருந்தது.

“கூடப் படிக்கிறவங்களை அதட்டுற பிள்ளை வேண்டாம் சார்.”

“சரி.”

“வகுப்பு நேரத்துல ஓயாம பேசுற பிள்ளையும் வேண்டாம். அடுத்தவங்க நோட்டுல கைவச்சு எழுதுற பிள்ளை வேண்டவே வேண்டாம்.”

“மேடம்,” துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரோ ஒரு பிள்ளையை மனசுல வச்சுக்கிட்டுச் சொல்ற மாதிரி இருக்கே?”

“பொதுவாத்தான் சார் சொன்னேன்.” தலைமையாசிரியை நிமிரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பொதுவாவா? எனக்குத் தெரியும் அது யாருன்னு!” முதல்வர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “மாதிரித் தேர்வு வைக்க இவங்க ஸ்கூலுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புல ஒரு பொண்ணு. நான் கணக்கை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள விடையைச் சொல்லிட்டா. அதுக்கு மேல, கேள்வியே தப்புன்னும் சொன்னா!”

“தப்பா இருந்துச்சா?”

“அது… அச்சுப்பிழை.” முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் போனப்பகூட அவ தன் இடத்துல இல்ல. போர்டு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தா. ஏதோ தண்டனை போலிருக்குன்னு நினைச்சேன். இப்பத்தானே புரியுது, இவங்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாதுன்னு!”

துணை இயக்குநருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. நியாயத்துக்காகக் கோபப்பட்டு வெகுகாலமாகியிருந்தது. இப்போது பட்டபோது சுகமாகத்தான் இருந்தது.

“ஏம்மா, அவ வீட்டுல என்ன வசதி?”

“அம்மா தையல் கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. அப்பா இல்ல.”

“அப்படிப்பட்ட பொண்ணோட வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடப் பார்க்கிறீங்களே, நீங்கல்லாம் ஒரு டீச்சரா? இந்தத் திட்டத்துல சேர அவளுக்கு ஆசை இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.” குரல் உடைந்தது. “தினமும் கேட்கிறா. எப்ப டெஸ்ட், எப்ப கூப்பிடுவாங்கன்னு. நான்தான் இந்த வருஷம் இருக்காது போலன்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“கேட்டுக்கோங்க!” என்றார் பேராசிரியர், உச்சுக்கொட்டியபடி. தன் மகளுக்குப் போட்டியாக ஒருத்தி முளைத்துவிட்டாளே என்ற கவலை உச்சுக்கொட்டலில் நன்றாகவே மறைந்துகொண்டது.

“செய்யறது பாவம்னு எனக்குத் தெரியும் சார்” என்றார் தலைமையாசிரியை. “சோறு இறங்க மாட்டேங்குது. அவளுக்கு மேல அவளோட அம்மா, என்னைப் பார்க்கிறப்பல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்க. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க. அடுத்த வருஷம் நானே கூட்டிட்டு வந்து விடுறேன்.”

“அதென்ன ஒரு வருஷக் கணக்கு? இந்த வருஷம் அவ போயிட்டா உங்களுக்கு என்ன குடி முழுகிடும்?” துணை இயக்குநர் மேசையைத் தட்டினார்.

தலைமையாசிரியை முதன்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

“கணக்கு டீச்சர் போடுங்கன்னு உங்க ஆபீசுக்கு நடையா நடந்தேன், நீங்க போடல. ரெண்டு வருஷமா எங்க ஸ்கூல்ல மொத்த வகுப்புக்கும் கணக்குப் பாடம் நடத்துறதே அந்தப் பொண்ணுதான் சார்.”