தினமும் பச்சை

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."

"ஏம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா இந்நேரம் குணமாகியிருக்கும். திறங்க."

பழக்கடைக்காரர் வாயைத் திறந்து காட்டினார். மருந்து உள்ளேதான் போயிருந்தது. மூடியில் அளந்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, சாப்பிட்டு முடித்ததும் மனைவியே கையில் கொடுத்தது. கடைசிச் சொட்டுவரை அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே உட்காருங்க. வாஷ்பேசின் பக்கம் போய்த் துப்பறீங்களோ என்னவோ."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, என் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா?"

"நம்பிக்கை இருந்துச்சு. நேத்து வரைக்கும்."

நேற்றுதான் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் இருந்த கல் கரையவில்லை. போதாததற்குக் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. டாக்டர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யூரிக் அமிலக் கல். சிறுநீரோட அமிலம் குறைஞ்சா கரைஞ்சே ஆகணும். சிறுநீர்ல நனைக்கிற சோதனைச் சீட்டு தினமும் பச்சையா மாறுதுன்னு சொல்றீங்க. அப்புறம் எப்படிக் கல்லு வளரும்? மருந்தை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?"

அடுத்த ஸ்கேனிலும் இதே கதை என்றால் ஆபரேஷன்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள், இந்த மனுஷன் மேல் கத்தி பட விடமாட்டேன் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"கரையலைன்னா அளவைக் கூட்டிட வேண்டியதுதானே?" அவர் பாட்டிலை எட்டி எடுத்தார். "இன்னும் ரெண்டு மூடி ஊத்து. சனியன் ஒரேயடியாத் தொலையட்டும்."

அவள் பாட்டிலைப் பிடுங்கினாள். "இது என்ன சர்பத்தா? பிரஷர் மாத்திரை வேற போடறீங்க. இந்த மருந்தால ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத்துக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னப்போ எங்க பராக்குப் பார்த்துக்கிட்டிருந்தீங்க? அமிலம் ரொம்பக் குறைஞ்சு சீட்டு நீலத்துக்குப் போனா வேற வகைக் கல்லு வந்து உட்காரும். கூட்டறதோ குறைக்கறதோ, ரத்தம் பார்த்துட்டு அவர்தான் சொல்லணும்."

"அடேயப்பா, பெரிய டாக்டரம்மா!"

"ஆமா. பீஸ் வாங்காத டாக்டரம்மா. காலைக் காட்டுங்க."

காலை நீட்டினார். கட்டைவிரல் வீங்கிப் பளபளத்தது. அதே யூரிக் அமிலம் அங்கேயும் போய்க் குடியேறியிருந்தது. போர்வை பட்டால்கூட உயிர் போகிறது என்கிறார்.

"கடைக்கு நேரமாச்சும்மா. லோடு வந்திருக்கும். நான் தொட்டுப் பார்க்காம ஒரு பெட்டி இறங்காது."

அது வெறும் பேச்சில்லை. மற்ற வியாபாரிகள் பழத்தின் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். இவர் லேசாக அழுத்துவார், காம்போரம் மோந்து பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டே எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று சொல்லிவிடுவார். "கலரைப் பார்த்து வாங்கறது கத்துக்குட்டி வேலை" என்பார். அதில் அவளுக்கும் பெருமைதான். இவ்வளவு கெட்டிக்காரருக்குச் சட்டை பேன்ட் ஜோடி சேர்த்து எடுத்து வைக்க மட்டும் தினமும் அவள் வேண்டும்.

"லோடு காத்திருக்கட்டும். முதல்ல சீட்டு."

முணுமுணுத்துக்கொண்டே டப்பாவிலிருந்து ஒரு சோதனைச் சீட்டை உருவிக்கொண்டு குளியலறைக்குள் நொண்டி நொண்டிப் போனார். சற்று நேரத்தில் வெளியே வந்தார்.

"பச்சைதான்."

"எங்க?"

"குப்பையில போட்டுட்டேன். அதையெல்லாமா பார்ப்பே? அசிங்கம்."

"பிள்ளைங்க ஈரத்துணி அலசின கைங்க இது. எனக்கென்ன அசிங்கம்?"

குளியலறைக் குப்பைக்கூடையில் மேலாகக் கிடந்தது. ஒரு காகிதத்தால் பிடித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், டப்பாவில் அச்சடித்திருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தாள். நல்ல மஞ்சள். ஒரு துளிகூடப் பச்சை இல்லை.

அவளுக்குக் கண் கலங்கியது. சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்கிட்ட பொய். டாக்டர்கிட்ட பொய். நீங்க பச்சைன்னு சொல்றதை நம்பித்தானே அவர் மருந்தைக் கூட்டாம இருக்கார்? இதுல என்னங்க விளையாட்டு? உங்க உடம்புங்க!"

"நான் எதுக்கும்மா பொய் சொல்லணும்? நல்லாப் பாரு. பச்சைதானே இது?"

சீட்டை வாங்கி டப்பாவில் இருந்த பச்சைக் கட்டத்தின் மேலேயே வைத்துக் காட்டினார். முகத்தில் கள்ளம் இல்லை.

அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சமையலறைக்குப் போனாள். கூடையைக் கிளறி இரண்டு எலுமிச்சைகளை எடுத்து வந்தாள். ஒரே அளவு. ஒன்று பழுத்து மஞ்சளாகிவிட்டது, மற்றது இன்னும் பச்சைக் காய். மேசையின் மறுகோடியில் நின்று, இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல எதுங்க பழம்?"

பழக்கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? இங்க குடு, தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."