வடுவைக் காட்டுகிறவள்

குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சுகந்தி. மாப்பிள்ளையின் அக்கா.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆகாமல் போன மாப்பிள்ளை.

முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டாள். குழந்தைகளின் புற்றுநோய் வார்டில் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கவசம் உண்டு. இன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

கட்டிலில் சுகந்தியின் மகள் மகிழினி. ஆறு வயது. மொட்டைத் தலை. ஊசி குத்திக் குத்தி இரண்டு புறங்கையும் கறுத்துக் கிடந்தன. இனிமேல் கையில் நரம்பு கிடைக்காது. கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைப் புதைத்து, அதன் வழியாகத்தான் மருந்து ஏற்ற வேண்டும். நாளைக் காலையில் வைத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுகந்தி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

"பொட்டப்புள்ளைங்க மேடம். நெஞ்சுக்கு மேல வடு உழுந்துபோச்சுன்னா நாளைக்கு ஆருங்க கட்டுவாங்க?"

இப்படிப்பட்ட தாய்களுக்காகத்தான் டாக்டர் அவளைக் கூப்பிடுவார். எட்டு வயதில் இதே வார்டில் கிடந்தவள். பிழைத்தாள், படித்தாள், வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் இங்கே வந்து, பிழைத்தவள் எப்படி இருப்பாள் என்று காட்டுகிறாள்.

ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், மனசு குளிர்ந்தே போயிற்று.

ஆரும் கட்ட மாட்டார்கள்தான். உனக்குத் தெரியாததா?

ஜாதகம் பொருந்தி, பெண் பிடித்து, பூ வைக்க வந்த நாள் அது. பின்னலைத் தூக்கிய சுகந்தியின் கை, கழுத்தோரத்து வடுவில் நின்றது. ரவிக்கை ஓரத்தை ஒரு விரலால் விலக்கி, எலும்புக்குக் கீழே இருந்ததையும் பார்த்தாள். என்னவென்று கேட்டாள். இவள் மறைக்கவில்லை.

சுகந்தி பூவை ஒழுங்காக வைத்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டேதான் போனாள்.

சாயங்காலம் போன் வந்தது. ஜாதகத்தில் ஏதோ தோஷமாம். பூ வைத்த பிறகு மறுபடியும் ஜாதகம் பார்த்த குடும்பம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதோடு விட்டார்களா? அடுத்து வந்த வரன்களுக்கெல்லாம், பெண்ணைப் பார்க்கும் முன்பே வடு தெரிந்திருந்தது. அப்பா தரகரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

"அக்கா, அது வெச்சா ரொம்ப வலிக்குமா?"

மகிழினிதான் கேட்டாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். சுடிதாரின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். மகிழினி கறுத்த கையை நீட்டி வடுவைத் தொட்டுப் பார்த்தாள். கையில் குத்துவதில் பாதிகூட வலிக்காது என்று அவள் சொன்னாள். அதுவரை உண்மைதான்.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். வடுவை மட்டும்தான் பார்த்தாள்.

"உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

மகிழினியின் கை இன்னும் அவள் மேலேயே இருந்தது. சூடாக இருந்தது. காய்ச்சல்.

"ஆயிருச்சுங்க."

"தெரிஞ்சேதான் கட்டுனாங்களா?"

"தெரிஞ்சேதான். மாப்பிள்ளையோட அக்காதான் மொதல்ல பாத்தாங்க. பூ வைக்க வந்தப்ப. இதுல என்ன இருக்குதுன்னு சொல்லிட்டு, பூவ வெச்சு உட்டுட்டாங்க."

சுகந்தி நிமிர்ந்தாள்.

கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தாள். மறுபடியும் வடுவைப் பார்த்தாள். சுகந்தியின் முகம் வெளுத்தது.

அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

சுகந்தி நர்ஸிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் வராந்தாவுக்கு வந்தபோது பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. நின்றாள். சுகந்தி மன்னிப்பாக ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாள். ஆறு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அம்மிணி."

'மேடம்' போய்விட்டது.

"புள்ளைக்கு இந்த நோவுன்னு எங்கூர்ல ஆருக்கும் தெரியாது. மஞ்சக்காமாலைன்னுதான் சொல்லியிருக்கறோம். நீ ஒண்ணும் சொல்லிப்போடாத, சாமி."

"சொல்ல மாட்டனுங்க."

சுகந்தி போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு நெசமாலுமே கண்ணாலம் ஆயிருச்சா?"

இல்லை என்று சொல்லலாம். சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ செய்த வேலைதான் என்று சேர்த்தே சொல்லலாம். சொன்னால் இந்தப் பொம்பளை நேரே உள்ளே போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடுவாள்.

"ஆயிருச்சுங்க. பையன் ஒருத்தன். எல்கேஜி போறான்."

சுகந்தி கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்தாள். முகம் தெளிந்துகொண்டே வந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்ப எங்களால உனக்கொண்ணும் கெட்டுப்போகல."

"இல்லீங்க," என்றாள்.