ஊசி தாவுது, மாமா!

இதை எனக்கு முதலில் சொன்னது என் மகள். போன ஞாயிற்றுக்கிழமை, இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது.

அதற்கு முன் ஒரு மாதமாக அவள் சொன்னதெல்லாம் ஓரகத்தியைப் பற்றிய புகார்தான்.

"அக்காவுக்கு இரக்கமே இல்லம்மா. பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒண்ணை வாங்கி வச்சுக்கிட்டு, தினமும் மத்தியானம் 'ஊசி தாவுது, மாமா'ன்னு போன் போடறாங்க. முட்டி வலியோட மாமனார் ரெண்டு மாடி ஏறணும்!"

சம்பந்தி, பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தியம்மா போனபிறகு கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். அவரைப் போய் இப்படியா என்று நானும்தான் உச்சுக்கொட்டினேன்.

நேரிலேயே கேட்டுவிடுவதென்று மகள் சனிக்கிழமை போயிருக்கிறாள். அங்கே ஓரகத்தி, பிளேயர் சாயும்படி அதன் ஒரு காலுக்கடியில் மடித்த அட்டையைச் செருகிக்கொண்டிருந்தாளாம்.

"அக்கா! நீங்களேவா?"

"கத்தாதேடி. சாப்பிட வாங்கன்னா பசிக்கலைம்பார். கீழே கொண்டுபோய் வச்சா, மூடினது மூடினபடி கிடக்கும். ஊசி தாவுதுன்னா மட்டும் ஸ்க்ரூடிரைவரோட ஓடி வருவார். வந்தவரைச் சாப்பிடாம விட்டுடுவேனா?"

அதற்குள் மாமா வந்துவிட்டார்.

"மினுமினுப்பைப் பார்த்து வாங்கியிருக்கே! தட்டு ஆடுதா, பெல்ட் தளர்ந்திருக்கான்னு பார்க்க வேண்டாமா?"

"எனக்கு என்ன மாமா தெரியும்?"

"ஊசித் தூசியைப் பின்னாலேருந்து முன்னாலதான் தட்டணும். குறுக்கே இழுத்தா ஒடிஞ்சிடும்."

பிரஷ்ஷால் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் பக்கம் திரும்பி, நிதானமாகத் துடைத்தார். ஓரகத்தி சட்டென்று அட்டையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பாட்டு தாவாமல் ஓடியது.

"மாமா கை பட்டாத்தான் கேக்குது!" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

மாமா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இறங்கும்போது என் மகள் கைபிடித்துக் கூட்டிப்போனாள். பாதிப் படியில் மனசு கேட்காமல் கேட்டாள்.

"கண்ணாடியை ஏன் மாமா அவ்வளவு நேரம் துடைச்சீங்க?"

மாமா மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்.

"அவ அட்டையை உருவ நேரம் வேணாமாம்மா?"

ஒரு மாதமாக உச்சுக்கொட்டியதற்கு அன்றைக்கே சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நீங்கள் அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தால், பாட்டு தாவும்போது கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.