ஒரு சாண் குறைவாக

"வைதேஹி, இருபது நிமிஷத்துல மோட்டாரை ஆஃப் பண்ணிடு. தண்ணியில்லாம ஓடினா அதோட ஆயுசு போயிடும்" என்றார் என் கணவர், பால் பூத்துக்குக் கிளம்பும்போது.

"அந்த அக்கறைல பாதி உங்க உடம்பு மேல இருக்கட்டும்" என்றேன்.

தினமும் மோட்டாரை அணைப்பவர் அவர்தான். மாடித் தொட்டி நிரம்ப ஒரு சாண் இருக்கும்போதே நிறுத்திவிடுவார்.

பூத் வரிசையிலேயே விழுந்து இறந்துபோனார். 1982 மே மாதம், டெல்லி ஜனக்புரியில். அன்று மோட்டாரை அணைக்க மறந்துபோனேன்.

பதின்மூன்று நாளும் வீடு நிறைய உறவினர்கள் அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் குளித்தார்கள். அவர்கள் போனபிறகுதான், ஸ்விட்ச் போட்டபடியே இருப்பதைப் பார்த்தேன். மெக்கானிக் செல்வராஜ் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே இழுத்தார்.

"வைண்டிங் கரியாயிடுச்சும்மா. முதல் நாளே எரிஞ்சிருக்கு. இல்லாட்டி இன்னும் பத்து வருஷம் உழைச்சிருக்கும்."

"அப்போ இத்தனை நாள் வந்த தண்ணி?"

செல்வராஜ் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தொட்டியில தண்ணி இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

புது மோட்டார் நான் போடவில்லை. தெருக்குழாய்த் தண்ணீர் மாடிவரை ஏறாது. குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான். நான்கு வருஷமாகத் தினமும் காலையில் ஏறிப் பார்க்கிறேன். தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது.