மூக்குக் கண்ணாடி

பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

உள்ளே எட்டுக் கவுன், மூன்று பால் புட்டி, ஒரு கிலுகிலுப்பை. எட்டு மாதக் குழந்தைக்கு அவ்வளவுதான் சொத்து.

வாசலில் ஆட்டோ காத்திருந்தது. பக்கத்தில் அண்ணன். மெர்லின் இனி மதுரையில், அவன் வீட்டில் வளர்வாள். முடிவு செய்தவள் எஸ்தர்தான். பெற்றவளே.

திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம். விடுப்பு முடிகிறது.

மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டலாம். பத்தாம் வகுப்புக்கு முதல் பாடம் அதுதான்.

நினைக்கவும் பேசவும் பெருமூளை. மூச்சுக்கும் இதயத்துக்கும் முகுளம். உடம்பு சாயாமல் நிற்க, கை கால் பழகச் சிறுமூளை. புது நினைவுகளைச் சேர்த்து வைக்க ஹிப்போகாம்பஸ். பதினோரு வருடமாகச் சொல்கிறாள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அந்தக் கடைசித் துண்டு சுண்டுவிரல் அளவுதான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போன வருடம் வந்த மூளைக்காய்ச்சல், அவள் கணவன் ஜெபசிங்குக்கு அதைத் தின்றுவிட்டுப் போனது. அப்போது எஸ்தர் ஐந்து மாதக் கர்ப்பம்.

பழசெல்லாம் அவனுக்குத் தெரியும். அவளைத் தெரியும். கல்யாணத்தன்று மழை பெய்தது தெரியும். ரயில்வே பார்சல் ஆபீசில் எந்த அலமாரியில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் ஒப்பிப்பான். புதிதாக எதுவும் பத்து நிமிடம் தங்காது.

மகள் புதிது.

"யாரு பிள்ள இது?" என்பான்.

"நம்ம பிள்ளதாங்க."

அழுவான். சிரிப்பான். குழந்தைக்கு முத்தமாகக் கொடுப்பான். டீ ஆறுவதற்குள் மறுபடி கேட்பான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அப்பனாகிற ஆள் தூத்துக்குடியிலேயே இவன் ஒருத்தன்தான்.

தினமும் சாயங்காலம் அவள் சமைக்கிற நேரம் அவன் குழந்தையை வைத்திருப்பான். அவள் கண்ணெதிரேதான். குழந்தை அவன் கண்ணாடியைப் பிடுங்கி எறியும். இரண்டு முறை உடைத்தும் விட்டது. எப்படி உடைந்தது என்று அவனுக்குத் தெரியாது. பாவம், தன்மேலேயே கோபப்பட்டுக்கொள்வான்.

அதையெல்லாம் எஸ்தர் பொறுத்துக்கொண்டாள். போன வியாழக்கிழமை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் குழந்தையோடு தெருவில் இறங்கிவிட்டான். வீடு வீடாகக் கதவைத் தட்டினான். "உங்க பிள்ளையா பாருங்க. எங்க வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்க."

பார்சல் ஆபீசில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். அடுத்தவர் பொருளை உரியவர் கையில் சேர்க்காமல் வீட்டுக்கு வர மாட்டான். அந்த நேர்மைதான் அவளைக் கொன்றது.

பகலில் வந்து கூட இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு ஆக்னஸ் அக்கா எவ்வளவோ சொன்னாள். எஸ்தர் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். தன் பிள்ளை என்று தெரிந்த அப்பன் கிடைக்க வேண்டாமா?

ஜிப் ஒருவழியாக ஏறியது. அவள் பையைக் கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தாள். குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தாள்.

மெர்லின் வீறிட்டாள்.

சத்தம் கேட்டு ஜெபசிங் வெளியே வந்தான். அடுத்த வீட்டுக்காரன் மாதிரி, கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தான்.

"யாரு பிள்ள இது? இங்க தாங்க, நான் பாக்கேன்."

கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் திரும்பியது. மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றியது. மடக்கிச் சட்டைப் பையில் போட்டது.

பிறகுதான் குழந்தையை வாங்கினான்.

எஸ்தர் அவன் சட்டைப் பையைப் பார்த்தாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் முகம்கூட அவனுக்குத் தெரியாது. படுக்கும்போது தவிரக் கழற்ற மாட்டான்.

"எதுக்குங்க கண்ணாடியக் கழட்டுனீங்க?"

அவன் வெறும் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். யோசித்தான்.

"தெரியலியே எஸ்தரு."

அவனுக்குத் தெரியாதுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தாலும் தங்காது.

ஆனால் கை படித்திருக்கிறது. பின்மண்டைக்குள், காய்ச்சல் தொடாத சிறுமூளையில், ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. அதே பாடத்தைப் பதினோரு வருடம் நடத்தியவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

குழந்தை எப்போதோ அடங்கியிருந்தது.

"பஸ்ஸு போயிரும்மா," என்றான் அண்ணன், மெதுவாக.

அவள் ஆட்டோவுக்குள் குனிந்து பையை இறக்கினாள்.

"நீங்க போங்கண்ணே. ஆக்னஸ் அக்காவ வரச் சொல்லிக்கிடுதேன்."

ஜெபசிங்குக்கு அதில் சம்மதமில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"இவள வீட்டுல தேடுவாங்களே எஸ்தரு."

மெர்லின் அவன் மூக்கைத் தடவினாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் கை சட்டைப் பையைத் தேடிக் கீழே இறங்கியது.

அவன் எஸ்தரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கை அதற்கு முன்பே சட்டைப் பையை மூடியிருந்தது.