உறவினர் எவருமில்லை

“நாலாவதைக் கேட்டுக்கோங்க தாத்தா. ‘இந்த வார்டிலுள்ள நோயாளிகளில் எனக்கு உறவினர் எவருமில்லை.’ சரின்னா இந்தக் கட்டத்தைத் தொடுங்க.”

தீக்காய வார்டுக்கு வெளியே தொண்டு நிறுவனத்துப் பெண் ரீனா டேப்லெட்டை நீட்டினாள்.

சங்கிலிமுத்து முதுகை வளைக்காமல் அதைப் பார்த்தார்.

வெடி விபத்தில் கருகியவர்களுக்குக் கஞ்சி ஊட்டவும் விசிறிவிடவும் வருகிற தன்னார்வலர்கள், இனி அதில் ஒப்பந்தம் போட்டால்தான் உள்ளே போகலாம். மற்ற எல்லோரும் போட்டாகிவிட்டது.

“இது எதுக்கு?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“சொந்தக்காரங்க வந்தா அவுக ஆளை மட்டுந்தான் பாக்காக. பக்கத்துப் பெட்டு தண்ணிக்குத் தவிச்சாலும் திரும்புறதில்ல. சொந்தம் இருந்தாச் சொல்லிருங்க, தப்பில்ல. வேற பாஸ் வாங்கித் தாரேன். அப்பா, அண்ணன்னு உறவு எழுதுன அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிடணும், அம்புட்டுத்தான்.”

உள்ளே, கதவை ஒட்டிய ஆறாவது கட்டிலில் மாரிசெல்வி கிடந்தாள். இரண்டு கண்ணிலும் கட்டு.

அவள் தன் விருப்பத்துக்கு ஒருவனோடு போனபோது, ஊரான ஆமத்தூரே பார்க்கக் கிணற்றடியில் தலைமுழுகியவர் சங்கிலிமுத்து. எனக்கு மகளே கிடையாது என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தார். அந்த ஒருவனும் இதே வெடியில் போய்விட்டான்.

அவளுக்கு ஊட்டும்போது மட்டும் அவர் பேசுவதில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அட்டையோடு ஆஸ்பத்திரியில் நடந்தால் பொழுது சாயுமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். ஊர் முன் சொன்ன சொல்லை அவர் வம்சத்தில் யாரும் திரும்ப எடுத்ததில்லை.

கட்டத்தைத் தொட்டார்.

அவருடைய செல்போனுக்கு ஓடிபி வந்தது. கதவு திறந்திருந்ததால் வாய்விட்டுப் படிக்காமல் போனையே ரீனாவிடம் கொடுத்தார்.

“முடிஞ்சது தாத்தா. நல்லவேளை. ஆறாம் பெட்டு அக்கா என்னையக் கேட்டுக்கிட்டே இருக்காக, ‘பேசாம ஊட்டுறது எங்க அப்பாதான’ன்னு. எனக்கே தெரியாம என்னத்தச் சொல்ல? இப்பப் போயி இல்லைன்னு சொல்லிருதேன்.”

அவர் கை அவளைத் தடுப்பதுபோல் எழுந்தது. பிறகு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துவிட்டு இறங்கிக்கொண்டது.

ரீனா உள்ளே போய்விட்டு உடனே வந்தாள்.

அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்ததும் மாரிசெல்வி வாய் திறந்தாள். கடைசிக் கரண்டிவரை குடித்தாள். உதட்டோரம் வழிந்ததை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தார்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும்யா” என்றாள்.

அதுவரை ஒருநாளும் அவள் அவருக்கு நன்றி சொன்னதில்லை.