இரண்டு சைபர்

"சத்தம் வரல இளவரசி. கொஞ்சம் வந்து பாரு."

குளித்துவிட்டு வந்த செம்பியன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகிக்கொண்டிருந்தான்.

இளவரசி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள்.

அவள் கணவனுக்குக் கண் தெரியாது. பக்கத்து ஊரான குடிகாட்டில் அவன் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனியில் பைப் வெடித்து முகத்தில் ஆசிட் அடித்துவிட்டது. அதிலிருந்து, திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் இந்தக் கம்ப்யூட்டர்தான் அவனுக்குத் துணை. சிதம்பரத்து நண்பன் ராஜாமணி அதில் லினக்ஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, கமாண்டுகளையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தான்.

சத்தம் நின்றால் செம்பியனுக்கு எல்லாமே நின்ற மாதிரிதான்.

அதுவும் இந்த வாரம். இடது கண்ணை ஆபரேஷன் செய்தால் பார்வை வருமா என்று சென்னை டாக்டர் மெயிலில் சொல்வதாக இருந்தார்.

அவன் கமாண்டைத் தட்டினான். வந்ததை அவள் படித்தாள். டிகிரி முடித்தவள், ஆங்கிலம் தடுமாறாது.

சவுண்டு கார்டு இருந்தது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஏறியிருந்தது. ஒருமுறை அதை இறக்கி மறுபடி ஏற்றினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைத் திறந்தான். அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கட்டத்தின் அடியில் இரண்டு சைபர் இருந்தால் சத்தம் வரும். இரண்டு எம் இருந்தால், யாரோ அதை ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"மாஸ்டர்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு அடியில என்னா போட்டிருக்கு?"

அவள் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

"ரெண்டு சைபருங்க."

அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. திரையைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

விரலால் தடவி எம் விசையை அழுத்தினான்; ஊமையாக்குவதும் பேச வைப்பதும் அந்த ஒரே விசைதான். ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய இரைச்சல் கிளம்பியது. அவன் காதுக்கு மட்டும் எட்டும் இரைச்சல்.

உடனே மறுபடி அழுத்தினான். இரைச்சல் நின்றது.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாகக் கம்பெனி நெடி வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"டிரைவர்தான் போயிடுச்சி போலருக்கு," என்றான். "ராஜாமணி வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் டாக்டர் மெயில் வந்தா நீயே படிச்சி சொல்லு."

"சொல்றங்க."

வேகமாக அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

செம்பியன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மெயில் விடிந்ததுமே வந்துவிட்டது. அப்போது அவள் குழாயடியில் இருந்தாள். உள்ளே நரம்பும் செத்துவிட்டது, இனி ஆபரேஷனால் பயனில்லை என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் கம்ப்யூட்டர் அவனுக்குப் படித்துக் காட்டியது. நம்பாமல் இன்னொரு முறையும் படிக்க வைத்துக் கேட்டான்.

இதை இளவரசியிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையில், திரையில் இருந்த மெயிலை மூடக்கூட மறந்துதான் அவன் குளிக்கப் போயிருந்தான்.